ஆளையே அடகு வைத்த கடன்: அமெரிக்காவின் உள்நாட்டு அடிமை வியாபாரம் எப்படி நடந்தது?

1842-ஐ ஒட்டிய காலம், லூசியானாவில் ஒரு தோட்டம். டிபீட்ஸ் என்ற தச்சர், தான் விலைக்கு வாங்கியிருந்த ஒரு கறுப்பினத்தவரைத் தூக்கில் போடப் பார்க்கிறார். கைகால்களைக் கட்டியாகிவிட்டது, கழுத்தில் சுருக்கும் விழுந்துவிட்டது. அந்த நேரத்தில் தோட்டத்து மேற்பார்வையாளர் சேப்பின் துப்பாக்கியோடு வந்து தடுக்கிறார். அவர் சொன்ன காரணத்தைக் கவனியுங்கள். இந்த ஆளின்மேல் ஃபோர்டு என்பவருக்கு 400 டாலர் அடமானம் இருக்கிறது, நீ இவனைக் கொன்றால் அவருடைய பணம் போய்விடும், அந்தக் கடன் தீரும்வரை இவன் உயிரை எடுக்க உனக்கு உரிமை கிடையாது என்றார்.

அன்றைக்குப் பிழைத்தவர் சாலமன் நார்த்தப். நியூயார்க் மாநிலத்தில் சுதந்திர மனிதராகப் பிறந்தவர், வயலின் வாசிப்பவர், மனைவியும் மூன்று பிள்ளைகளும் உள்ளவர். 1841-ல் வேலை தருவதாகச் சொல்லி வாஷிங்டனுக்கு அழைத்துப்போய், அங்கே மயக்கி, அடிமை வியாபாரியிடம் விற்றுவிட்டார்கள். 1853 ஜனவரியில்தான் அவர் மீண்டார். இந்த அடமானக் கதையை அவரே பதிவு செய்திருக்கிறார்.

அமெரிக்க அடிமை முறை என்றதும் பருத்திக் காடும் சவுக்கும்தான் நம் கண்ணில் வரும். எனக்கு அந்த 400 டாலர்தான் முதலில் வருகிறது. ஒரு மனிதரின் கழுத்தில் கயிறு கிடக்கும்போதுகூட அவர்மேல் யாருக்கு எவ்வளவு பாக்கி என்ற கணக்கு ஓடிக்கொண்டிருந்தது என்றால், அந்த வியாபாரம் எதன்மேல் நின்றது என்பது விளங்கிவிடும். அது கடன்மேல் நின்றது. அதை முதலிலிருந்து பார்ப்போம்.

ஆப்பிரிக்காவிலிருந்து ஆட்களைக் கப்பலில் கொண்டுவருவதை அமெரிக்கா 1808 ஜனவரி 1 முதல் தடை செய்தது. அதோடு அடிமை வியாபாரமும் முடிந்துவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். நடந்தது நேர்மாறு. வெளியிலிருந்து வரத்து நின்றதால், ஏற்கெனவே நாட்டுக்குள் இருந்தவர்களுக்கும் அவர்களுக்குப் பிறந்த பிள்ளைகளுக்கும் விலை ஏறியது. வர்ஜீனியா, மேரிலாந்து மாதிரியான பழைய மாநிலங்களில் புகையிலை மண்ணைத் தின்று தீர்த்திருந்தது. பலர் கோதுமைக்கு மாறிவிட்டார்கள், அதற்கு அவ்வளவு ஆட்கள் வேண்டாம். தெற்கே நிலைமை வேறு. 1793-ல் வந்த ஜின் இயந்திரம் பருத்தியிலிருந்து கொட்டையைப் பிரிக்கும் வேலையைச் சுலபமாக்கிவிட்டது, 1803-ல் பிரான்சிடமிருந்து லூசியானா நிலப்பரப்பு முழுவதும் கைக்கு வந்தது, 1830-க்குப் பிறகு சாக்டா, கிரீக், செரோக்கி என்ற பூர்வகுடி மக்களைத் துரத்திவிட்டு அலபாமா, மிசிசிப்பி, ஜார்ஜியா பக்கத்து நிலங்களையும் பிடித்தார்கள். நிலம் கிடைத்துவிட்டது, உழைக்க ஆள் இல்லை.

ஒரு பக்கம் விலை குறைவு, இன்னொரு பக்கம் விலை அதிகம். எந்தப் பொருளானாலும் இந்த வித்தியாசத்தில்தான் வியாபாரி பிறக்கிறார். இங்கே பொருள் மனிதர்கள். 1790-க்கும் 1860-க்கும் இடையில் சுமார் 10 லட்சம் பேர் வர்ஜீனியா, மேரிலாந்து மாதிரியான மேல்தெற்கு மாநிலங்களிலிருந்து, பருத்தி விளையும் கீழ்த்தெற்கு மாநிலங்களுக்கு இடம் மாற்றப்பட்டார்கள். சிலர் எஜமானரின் குடும்பம் இடம்பெயர்ந்தபோது கூடவே போனவர்கள், பெரும்பாலானவர்கள் வியாபாரிகள் கைமாற்றி விற்றவர்கள் என்பது ஆய்வாளர்களின் கணக்கு.

இந்தத் தொழிலைக் கம்பெனி பாணியில் நடத்திக் காட்டியவர்கள் ஐசக் ஃபிராங்க்ளினும் ஜான் ஆர்ம்ஃபீல்டும். 1828-ல் அலெக்ஸாண்ட்ரியா ஊரின் டியூக் தெருவில் ஒரு வீட்டைப் பிடித்தார்கள். அப்போது அந்த ஊர் தலைநகர் வாஷிங்டன் அடங்கிய கொலம்பியா மாவட்டத்துக்குள்ளேயே இருந்தது. முன்பக்கம் ஆபீஸ், பின்னால் உயர்ந்த மதில்சுவர் கட்டிய முற்றம், அதில் ஆட்களை அடைத்துவைக்கும் இடம். ஆர்ம்ஃபீல்டு இங்கே இருந்து வாங்குவார், ஃபிராங்க்ளின் மிசிசிப்பியின் நாட்செஸிலும் நியூ ஆர்லியன்ஸிலும் இருந்து விற்பார். ரிச்மண்டில் ரைஸ் பல்லார்ட் என்று ஒரு கூட்டாளி சேர்ந்தார். மும்முரமான ஆண்டுகளில் வருடத்துக்கு ஆயிரம் பேருக்கு மேல் அனுப்பினார்கள். சொந்தமாகவே கப்பல்கள் வைத்திருந்தார்கள், அதில் ஒன்றின் பெயர் 'ஐசக் ஃபிராங்க்ளின்'. கடல்வழி போனால் ஃபுளோரிடாவைச் சுற்றிக்கொண்டு சில வாரப் பயணம். தரைவழி போனால் ஆண்களின் கைகளில் விலங்கு போட்டு நீளச் சங்கிலியில் ஜோடி ஜோடியாகக் கோத்து, பெண்களையும் பிள்ளைகளையும் பின்னால் நடக்கவிட்டு, நாட்செஸ் வரைக்கும் 1,600 கிலோமீட்டருக்குக் குறையாத நடை.

அவர்கள் செய்தித்தாளில் கொடுத்த விளம்பரங்களில் அடிக்கடி வரும் சொல் ரொக்கம். ரொக்கமாகத் தருகிறோம், உடனே தருகிறோம், மற்றவர்களைவிடக் கூடுதலாகத் தருகிறோம். வர்ஜீனியாக்காரர் ஆளை விற்பது பெரும்பாலும் ஏதோ ஒரு கடனை அடைப்பதற்காக, அல்லது ஒருவர் இறந்து சொத்தைப் பங்கு பிரிக்கும்போது. அவருக்குக் கையில் காசு வேண்டும். தெற்கே வாங்குபவரிடமோ காசு இருக்காது. பருத்தி விளைந்து, ஆற்றுவழியே நியூ ஆர்லியன்ஸ் போய், லிவர்பூலுக்குக் கப்பல் ஏறினால்தான் அவருக்குப் பணம். ஆகவே அவர் கொஞ்சம் முன்பணம் கொடுத்துவிட்டு, மிச்சத்துக்கு ஆறு மாதத்திலோ ஒரு வருடத்திலோ தருகிறேன் என்று புரோநோட்டு எழுதிக் கொடுப்பார். ஒருவரிருவர் ஜாமீன் கையெழுத்தும் போடுவார்கள்.

அதாவது வியாபாரி வாங்குவது ரொக்கத்துக்கு, விற்பது கடனுக்கு. இந்த இடைவெளியை யாராவது நிரப்பினால்தான் அடுத்த கூட்டத்தை வாங்க அவரிடம் பணம் இருக்கும். நிரப்பியது வங்கி. ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்வோம்: வியாபாரியின் கையில் ஒரு வருடம் கழித்து 1,000 டாலர் தரும் நோட்டு இருக்கிறது. அதை வங்கியில் கொடுத்தால் வட்டியைக் கழித்துக்கொண்டு இன்றைக்கே 920-ஓ 930-ஓ கொடுத்துவிடும், வருட முடிவில் தோட்டக்காரரிடம் வங்கி வசூலித்துக்கொள்ளும். இல்லாவிட்டால் நியூயார்க், பிலடெல்ஃபியா நகரங்களில் பணமாக்கக்கூடிய உண்டியல் சீட்டாக (இன்னாருக்கு இவ்வளவு பணம் கொடு என்று எழுதும் வணிகச் சீட்டு) மாற்றி வடக்கே அனுப்பலாம். அந்தப் பணம் வர்ஜீனியாவுக்கு வந்து சேர்ந்ததும் இன்னொரு குடும்பத்தின் வாசலில் ரொக்கத்தோடு ஆள் நிற்பார். வங்கிகள் தாராளமாக இருந்த வருடங்களில் சங்கிலி வரிசைகள் நீண்டன, கையை இறுக்கிய வருடங்களில் குறைந்தன.

விலையும் பருத்தியோடு கட்டப்பட்டிருந்தது. பருத்தி ஒரு பவுண்டு 12 சென்ட் என்றால் நல்ல உழைப்பாளி ஆண் 1,200 டாலர், 15 சென்ட் என்றால் 1,500 டாலர் என்று தெற்கே ஒரு வாய்க்கணக்கு உண்டு. 1850-களின் கடைசியில் விலை அந்தக் கணக்கையும் தாண்டி ஓடியது. 1860-ல் நியூ ஆர்லியன்ஸில் வயல்வேலைக்கான இளம் ஆணின் விலை 1,800 டாலர் பக்கம் வந்துவிட்டது. ரிச்மண்டின் ஏல நிறுவனங்கள் சந்தை நிலவரத்தை அச்சடித்து வாடிக்கையாளர்களுக்குத் தபாலில் அனுப்பின. முதல் தர ஆண், இரண்டாம் தர ஆண், முதல் தரப் பெண் என்று வரிசையாக இருக்கும். பிள்ளைகளுக்கு வயதுகூடப் போட மாட்டார்கள். உயரம்தான். நாலடி உயரப் பையன் இவ்வளவு, அதற்கு மேல் சில அங்குலம் கூடினால் இவ்வளவு. அப்படி ஒரு தாளில் விலை போடும் இடத்தைப் பார்த்தபோது எனக்கு, பள்ளிக்கூடத்தில் சுவரோடு நிறுத்தி உயரம் குறிப்பார்களே, அதுதான் ஞாபகம் வந்தது. கொஞ்ச நேரம் மேலே படிக்க முடியவில்லை.

விற்பனை எப்படி நடந்தது என்பதற்கு மறுபடியும் நார்த்தப்பிடம் போவோம். நியூ ஆர்லியன்ஸில் தியோஃபிலஸ் ஃப்ரீமேன் என்ற வியாபாரியின் அடைப்பில் அவரை வைத்திருந்தார்கள். குளிப்பாட்டி, புதுத் துணி கொடுத்து, வாங்க வருபவர்கள் முன்னால் நடக்கவிடுவார்கள். அவர்கள் பல்லைப் பார்ப்பார்கள், கையைத் திருப்பிப் பார்ப்பார்கள், முதுகில் சவுக்குத் தழும்பு இருக்கிறதா என்று துணியை விலக்கிப் பார்ப்பார்கள். தழும்பு இருந்தால் அடங்காத ஆள் என்று விலை இறங்கும். முதலில் சொன்ன அடமானத்துக்குச் சொந்தக்காரரான அதே ஃபோர்டு அன்றைக்கு நார்த்தப்பை 1,000 டாலருக்கும், ஹாரி என்பவரை 900-க்கும், எலைசா என்ற பெண்ணை 700-க்கும் வாங்கினார். எலைசாவின் மகன் ராண்டலை அதற்கு முன்பே வேறொருவர் வாங்கிப் போய்விட்டார். மிச்சம் இருந்தது சின்னப் பெண் எமிலி. தாயின் கதறலைப் பார்த்துவிட்டு அவளையும் சேர்த்து வாங்கிக்கொள்கிறேன் என்று ஃபோர்டு கேட்டார். ஃப்ரீமேன் மறுத்துவிட்டார். அழகான பெண், இன்னும் சில வருடம் வைத்திருந்தால் இவளுக்கு ஆயிரக்கணக்கில் விலை கிடைக்கும் என்பது அவர் கணக்கு. எதற்காக அந்த விலை என்று விளக்க வேண்டியதில்லை. 10 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையைத் தாயிடமிருந்து பிரித்து விற்கக் கூடாது என்று அப்போது லூசியானாவில் சட்டம் இருந்தது. எமிலிக்கு 10 வயது ஆகவில்லை.

அதே லூசியானாவில் வாங்குபவரைப் பாதுகாக்கும் சட்டம் நன்றாகவே வேலை செய்தது. பத்திரம் எழுதி நோட்டரி முன்னால் பதிவு செய்வார்கள். விற்ற ஆளுக்கு மறைந்த நோயோ ஓடிப்போகும் பழக்கமோ இருந்தது தெரியவந்தால், குறிப்பிட்ட காலத்துக்குள் வழக்குப் போட்டுப் பணத்தைத் திரும்பப் பெறலாம். தப்பி ஓடுவது சட்டத்தின் கண்ணில் பொருளில் உள்ள குறை.

காப்பீடும் உண்டு. கப்பலில் அனுப்பும் ஆட்களுக்குக் கடல் காப்பீடு, சுரங்கத்துக்கோ நீராவிப் படகுக்கோ வாடகைக்கு விடும் ஆட்களுக்கு ஆயுள் காப்பீடு, இறந்தால் பணம் எஜமானருக்கு. நியூயார்க் லைஃப் நிறுவனத்தின் முன்னோடியான நாட்டிலஸ் கம்பெனி 1840-களில் இப்படிச் சுமார் 500 பாலிசிகள் விற்றது. ஏட்னா நிறுவனம் தன் பழைய பாலிசிகளுக்காக 2000-ல் மன்னிப்புக் கேட்டது. 1841 நவம்பரில் 'கிரியோல்' கப்பலில் நியூ ஆர்லியன்ஸுக்குக் கொண்டுபோகப்பட்டவர்கள் மேடிசன் வாஷிங்டன் என்பவரின் தலைமையில் எழுந்து, கப்பலைக் கைப்பற்றி, பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த பஹாமாஸ் தீவுகளின் நசாவ் துறைமுகத்துக்குத் திருப்பினார்கள், பெரும்பாலானவர்கள் அங்கே விடுதலை பெற்றார்கள். அப்புறம் இங்கே உரிமையாளர்களும் காப்பீட்டு நிறுவனங்களும் கோர்ட்டில் நின்றது, அந்த நஷ்டம் யாருடையது என்ற கேள்விக்காக.

இதுவரை சொன்னது வாங்கல், விற்றல். அடகுக்கு வருவோம், ஏனென்றால் பெரிய பணம் அங்கேதான் இருந்தது. நிலத்தை அடகு வைக்கலாம், ஆனால் காட்டுநிலம் சட்டென்று விலைபோகாது. ஆளை வைத்தால் எந்த ஊரிலும் சில நாட்களில் விற்றுக் காசாக்கலாம், நடத்தியே கூட்டிக்கொண்டு போகலாம். ஆகவே கடன் கொடுப்பவருக்கு மனிதரைவிட நல்ல ஈடு கிடையாது. வாங்கிய ஆளையே ஈடாக வைத்து அடுத்த ஆளை வாங்குவதும் சகஜம். அடகில் இருப்பவர் அன்றாடம் வயலில்தான் இருப்பார், தான் அடகில் இருப்பதே அவருக்குத் தெரியாது, தவணை தவறும் நாளில் ஷெரீஃப் வந்து நிற்கும்வரை.

லூசியானாவின் தோட்டக்காரர்கள் இதை இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோனார்கள். 1827-ல் தொடங்கிய அவர்களுடைய கூட்டு வங்கியில் பங்கு வாங்கப் பணம் வேண்டாம், நிலத்தையும் அடிமைகளையும் அடமானம் எழுதிக் கொடுத்தால் போதும். வங்கி கடன் பத்திரங்கள் வெளியிட்டது, மாநில அரசு அவற்றுக்கு உத்தரவாதம் கொடுத்தது, லண்டனின் பேரிங் பிரதர்ஸ் நிறுவனம் ஐரோப்பாவில் விற்றுக் கொடுத்தது. கொஞ்சம் பின்னால் வந்த சிட்டிசன்ஸ் பேங்கின் பத்திரங்கள் ஆம்ஸ்டர்டாமின் ஹோப் நிறுவனம் வழியாகப் போயின. பிரிட்டன் தன் காலனிகளில் அடிமை முறையை ஒழிக்கும் சட்டத்தை 1833-ல் போட்டது. அந்தக் காலத்திலேயே லண்டனில் உட்கார்ந்திருக்கும் ஒருவர் லூசியானா பத்திரம் வாங்கி வட்டி எடுக்க முடிந்தது. அவர் ஒரு அடிமையைக் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டார். அவருக்குப் போகும் வட்டி எந்த வயலில் விளைந்தது, அந்த அசலுக்கு ஈடாக யாருடைய மகள் எழுதப்பட்டிருந்தாள் என்பது பத்திரத்தில் இருக்காது.

இன்றைய ஜேபி மோர்கன் சேஸ் வங்கிக்குள் காலப்போக்கில் வந்து சேர்ந்த இரண்டு லூசியானா வங்கிகள், 1831-லிருந்து 1865 வரை சுமார் 13,000 பேரை ஈடாக ஏற்றிருந்தன, கடன் திரும்பாததால் அவர்களில் சுமார் 1,250 பேருக்கு அந்த வங்கிகளே உரிமையாளர் ஆகின. இதை 2005-ல் அந்த வங்கியே வெளியிட்டு மன்னிப்புக் கேட்டது.

கடன்மேல் நிற்கும் வியாபாரம் கடன் நின்றால் சரியும். 1837-ல் பருத்தி விலை விழுந்தது, வங்கிகள் மூடின. மிசிசிப்பியில் புரோநோட்டுகள் குப்பைக் காகிதமாயின. வெளி மாநிலத்து ஆட்களை விற்பனைக்குக் கொண்டுவரக் கூடாது என்று 1832-லேயே அந்த மாநில அரசியல் சட்டத்தில் ஒரு பிரிவு எழுதி வைத்திருந்தார்கள், நல்ல வருடங்களில் அதை யாரும் கண்டுகொள்ளவில்லை. இப்போது ஆட்களைக் கடனுக்கு வாங்கியவர்கள் அதைக் கையில் எடுத்தார்கள்: விற்றதே சட்டவிரோதம், நான் ஏன் பணம் கட்ட வேண்டும்? ஆட்களைத் திருப்பித் தருவதைப் பற்றி அவர்கள் பேசவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1841-ல் விற்றவருக்குச் சாதகமாக முடிந்தது. விற்றவர் தரப்பில் வாதாடியவர்கள் ஹென்றி கிளேயும் டேனியல் வெப்ஸ்டரும், நாட்டின் மிகப் பெரிய தலைவர்கள். வேறு சிலர் கோர்ட்டுக்கே போகாமல், அடகில் இருந்த ஆட்களை இரவோடு இரவாகக் கூட்டிக்கொண்டு அப்போது தனி நாடாக இருந்த டெக்சாஸுக்கு ஓடினார்கள். மிசிசிப்பி மாநிலமோ, தான் உத்தரவாதம் கொடுத்த யூனியன் பேங்க் பத்திரங்களுக்குப் பணம் தர முடியாது என்று 1842-ல் கையை விரித்துவிட்டது.

நஷ்டத்தை யார் தாங்கினார்கள் என்றால், ஆவணங்களில் வங்கிகளும் முதலீட்டாளர்களும் இருப்பார்கள். முதலில் தாங்கியவர்கள் விற்கப்பட்டவர்கள். எஜமானரின் கடன் முற்றினால் குடும்பம் பிரியும், இது அங்கே எல்லோருக்கும் தெரிந்த விதி. முன்னாள் அமெரிக்க அதிபர் தாமஸ் ஜெஃபர்சன் 1826-ல் ஒரு லட்சம் டாலருக்கும் மேல் கடன் வைத்துவிட்டு இறந்தார். உயில்படி கொல்லர் ஜோசஃப் ஃபாசெட்டுக்கு விடுதலை எழுதியிருந்தது, மனைவி ஈடித்துக்கும் பிள்ளைகளுக்கும் இல்லை. 1827 ஜனவரியில் ஜெஃபர்சனின் மான்டிசெல்லோ தோட்டத்தில் 130 பேரை ஏலத்துக்கு வைத்தபோது அவர்களும் அதில் இருந்தார்கள். 1838-ல் ஜார்ஜ்டவுன் கல்லூரியின் கடனை அடைக்க, மேரிலாந்தின் ஏசு சபைப் பாதிரியார்கள் 272 பேரை 1,15,000 டாலருக்கு லூசியானாவுக்கு விற்றார்கள், கையில் வந்தது 25,000, மிச்சம் பத்து வருடத் தவணை, விற்ற ஆட்களே அதற்கும் ஈடு.

1859 மார்ச்சில் ஜார்ஜியாவின் சவானா அருகே ஒரு குதிரைப் பந்தய மைதானத்தில் பியர்ஸ் பட்லர் என்பவர் தன் கடனுக்காக 429 பேரை இரண்டு நாளில் விற்றார். மழை விடாமல் பெய்தது. வந்த தொகை 3,03,850 டாலர். மூன்றில் ஒரு பங்கு ரொக்கம், மிச்சம் இரண்டு வருடத் தவணை, ஈடு அந்த ஆட்களே, இதெல்லாம் விளம்பரத்திலேயே இருந்தது. 319-ஆம் எண், ஜெஃப்ரி, 23 வயது. தன்னை வாங்கியவரிடம் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு போய், தான் நேசிக்கும் டார்கஸையும் வாங்கிவிடும்படி கெஞ்சினார், அவள் எவ்வளவு நன்றாக வேலை செய்வாள் என்று வியாபாரியின் மொழியிலேயே சொல்லிப் பார்த்தார். வாங்கியவரும் யோசித்தார். மறுநாள் டார்கஸ் நான்கு பேர் கொண்ட குடும்பத்தோடு சேர்த்து ஏலத்துக்கு வந்தாள், நான்கு பேரை வாங்க அவருக்கு மனமில்லை. பிரிக்காமல் குடும்பமாக விற்கிறோம் என்பதுதான் அந்த ஏலத்தின் பெருமையான நிபந்தனை. கல்யாணம் ஆகாத இருவர் அந்தக் கணக்கில் குடும்பம் ஆகவில்லை.

1860-ல் அமெரிக்காவில் கிட்டத்தட்ட 40 லட்சம் பேர் அடிமைகளாக இருந்தார்கள். அவர்களுடைய சந்தை மதிப்பு 300 கோடி டாலருக்கும் மேல் என்று கணக்கிடுகிறார்கள், அந்த நாட்டின் ரயில்பாதைகளும் தொழிற்சாலைகளும் சேர்ந்தாலும் அவ்வளவு வராது. தெற்கு ஏன் பேசித் தீர்க்காமல் வடக்கோடு உள்நாட்டுப் போருக்குப் போனது என்று கேட்பவர்கள் இந்த எண்ணை ஒருமுறை பார்க்க வேண்டும். கடன், பங்கு, உயில், சீதனம் எல்லாம் அந்த மதிப்பின்மேல் எழுதப்பட்டிருந்தன.

1862 ஏப்ரலில் வாஷிங்டன் நகரில் மட்டும் நஷ்டஈடு கொடுத்து விடுதலை செய்யச் சட்டம் வந்தது, ஆளுக்குச் சராசரி 300 டாலர் வரை. மதிப்புப் போட ஆள் வேண்டும் என்று அரசாங்கம் பால்டிமோரிலிருந்து கேம்ப்பெல் என்ற அடிமை வியாபாரியைத்தான் வரவழைத்தது. சுமார் 3,000 பேர் அவர் முன்னால் வந்து நின்றார்கள். பணம் எஜமானர்களுக்குப் போனது.

போர் முடிந்ததும் விடுதலை பெற்றவர்கள் தேட ஆரம்பித்தார்கள். கறுப்பின மக்களின் செய்தித்தாள்களில் விளம்பரம் கொடுத்தார்கள், தேவாலயங்களில் பிரசங்கத்துக்கு முன்னால் அவற்றை வாசித்தார்கள், இருபதாம் நூற்றாண்டு பிறந்த பிறகும் அவை வந்துகொண்டிருந்தன. அம்மாவின் பெயர், பல நேரம் முதல் பெயர் மட்டும். தம்பியைக் கடைசியாகப் பார்த்த ஊர். அப்புறம் எந்த எஜமானரிடம் இருந்தோம், எந்த வியாபாரி வாங்கிக்கொண்டு போனார் என்ற பெயர்கள். தேடுவதற்கு அவர்களிடம் இருந்த முகவரி அந்த வியாபாரியின் பெயர்தான்.